இப்றாஹிம் எண்ணிய நாட்கள்

கல்முனைப் பக்கத்து மிருக வைத்தியசாலை ஒன்றில் இப்றாஹிம் இருபத்தாறு வருடம் மருந்து கலந்து கொடுத்தார். எந்த மாட்டுக்கு, எந்தத் திகதியில், எந்த மருந்து, எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதி முடிக்காமல் ஊசிக் குழாயைக் கழுவ மாட்டார். 1981ஆம் ஆண்டு அந்தப் பதிவேடே அவரைச் சண்டைக்கு இழுத்தது.

முந்திய வருடம் நற்பிட்டிமுனை வயலில் நடந்த மாட்டு வண்டில் சவாரிப் போட்டியில் யாரோ ஒரு காளைக்குச் சாராயம் பருக்கிவிட்டார்கள். அது வெறிகொண்டு வரம்பு பாய்ந்ததில் வண்டில் குடைசாய்ந்து, ஓட்டியவனின் தோள் முறிந்தது. உடனே பெரிய வயல்காரரான காலிதீன் போடியார் தலைமையில் சவாரிக் குழு ஒரு சட்டம் போட்டது: மருந்து பட்ட மாடு நாற்பது நாளைக்கு ஓடக்கூடாது. ஏன் நாற்பது என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது, ஆள் மௌத்தாகிப் போன வீட்டுக்கு நாற்பது. மாட்டுக்கும் அதுவே பொருத்தமாகப் பட்டது.

முதலில் அகப்பட்டவன் மசூர், வண்டிலில் நெல் மூடை ஏற்றிப் பிழைப்பவன். நுகம் உரசிப் புண்ணான அவனுடைய காளையின் கழுத்துக்கு மார்ச் 14ஆம் திகதி இப்றாஹிம் களிம்பு பூசி, பதிந்திருந்தார். குழு பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. ஏப்ரல் 12ஆம் திகதிச் சவாரியிலிருந்து மசூரின் பெயரை வெட்டியது.

“நீங்க எழுதாம விட்டிருந்தா நான் ஓடியிருப்பன் காக்கா,” என்று வயதில் மூத்த இப்றாஹிமிடம் மசூர் குறைப்பட்டான்.

“ஓம். இனி எல்லாரும் அப்படித்தான் யோசிப்பாங்க. புண் சீழ் பிடிச்சாலும் மாட்ட எங்கிட்டக் கொண்டு வரமாட்டாங்க.”

அதுதான் அவரைச் சுட்டது. மசூரின் காளைக்கு மறுபடி களிம்பு பூசி, அது மாட்டை வெறியேற்றுகிறதா என்று பார்க்க வாலடியில் நாடி பிடித்து எண்ணினார். பூசுமுன் ஐம்பத்தாறு, ஒரு மணித்தியாலம் கழித்தும் ஐம்பத்தாறு, மறுநாள் ஐம்பத்தைந்து. தன் வீட்டுக் கிழட்டு நொண்டி மாட்டுக்கு எப்படியும் போடவேண்டியிருந்த, நோவைத் தணிக்கும் நோவு ஊசியைப் போட்டு, காலையும் மாலையும் நூறு அடி நடத்தினார். மூன்று நாள் நொண்டவில்லை. நாலாம் நாள் மாலை மருந்தின் வேகம் தீர்ந்து மறுபடி நொண்டியது. அயலில் இன்னும் இரண்டு நொண்டி மாடுகளில் பார்த்தார். ஒன்றில் நாலு நாள், மற்றதில் மூன்றரை.

ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு குழு கூடியது. நாற்பது நாள் சட்டத்தை மாற்றச் சொல்லி இப்றாஹிம் பதிவேட்டோடு போய் நின்றார்.

“மாட்டு மருந்துக்காரர் சட்டம் படிப்பிக்கவும் வந்திட்டாரு,” என்று போடியார் சிரித்தார். “எழுதினது எழுதினதுதான்.”

“அப்ப நானும் எழுதினத வாசிக்கிறன் போடியார்.”

வாசித்தார். மார்ச் 9, தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி. முதற் பெயரே போடியாரின் இரண்டு காளைகள். சவாரிக்குப் பெயர் கொடுத்த இருபத்திரண்டு மாடுகளில் இருபது அந்தப் பட்டியலில் இருந்தன. சவாரியன்று அவற்றுக்கு முப்பத்துநாலாம் நாள்.

“தடுப்பூசி மருந்தில்லையே,” என்றார் ஒருவர்.

“அப்ப எது மருந்து? மாட்ட வெறியேத்துறது எது, நோவ மறைக்கிறது எது, சும்மா புண் ஆத்துறது எது? இந்த நாற்பத எந்த மாட்டில எண்ணினீங்க? நான் மூணு மாட்டில எண்ணியிரிக்கன். நம்பாட்டி வாங்க. என்ட மாட்டுக்கு இண்டைக்கு ஊசி நாள். நீங்களே நடத்திப் பாருங்க.”

குழுவில் இருவர் அவரோடு போய் ஊசி போடுவதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் வந்து மாட்டை நடத்தினார்கள். நாலாம் நாள் மாலை அது அவர்கள் கண்முன்னே நொண்டியது.

சட்டம் மாறியது. வெறியேற்றும் பொருளுக்கு முழுத் தடை. நோவு ஊசிக்கு ஏழு நாள். எண்ணிய நாலோடு காவலுக்கு மூன்று. களிம்புக்கும் தடுப்பூசிக்கும் தடையில்லை. மசூரின் பெயர் மறுபடி ஏறியது.

சவாரிக்கு மூன்று நாள் இருக்க, அறுத்த வயலில் அவனுடைய காளையின் குளம்பில் பயிரின் அடிக்கட்டை குத்தி ஏறியது. காலைத் தூக்கித் தூக்கி வைத்த மாட்டை வைத்தியசாலை வாசலுக்கு நடத்தி வந்தான்.

“நோவில துடிக்கிது காக்கா.”

“ஊசி போடுவன். எழுதுவன். ஏழு நாள்.”

மசூர் பதிவேட்டைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். “போடுங்க,” என்றான்.

பன்னிரண்டாம் திகதி வயல் வரம்பில் இருவரும் சும்மா நின்று சவாரி பார்த்தார்கள். போடியார் பக்கத்தில் வந்தார்.

“பாத்தீங்களா, நீங்க போட்ட சட்டமே உங்கட ஆளப் பிடிச்சிட்டு.”

“பிடிக்கத்தானே போட்டது,” என்றார் இப்றாஹிம்.