உடையாத சாயக்குண்டு

ஒருவர்மேல் ஒருவர் சாயக்குண்டு சுடும் பெயிண்ட்பால் விளையாட்டைப் பற்றி, துப்பாக்கி, முகமூடி, பதுங்கும் தந்திரம் என்று நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிறு, வத்தல்மலை அடிவாரத்தில் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்க வந்த பெண், புல்லில் உடையாமல் கிடந்த குண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இத ஆடு தின்னா என்னங்க ஆவும்?”

உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. செல்போனில் தேடினேன். நாய் தின்றால் உயிருக்கே ஆபத்தாம். ஆட்டைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை.

“தெரியலைங்க,” என்றேன்.

“அப்ப மொத்தத்தையும் பொறுக்கிடுங்க. அதுவரைக்கும் அந்தாண்ட மேய்க்கறேன்.”

விளையாட்டு பாதியில் நின்றது. இரண்டு அணியும் சாயம் வழியக் குனிந்து, புல்லை விலக்கி விலக்கிப் பொறுக்கினோம்.

இப்போது எந்தப் புது இடத்துக்கு விளையாடப் போனாலும் எனக்கு முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான்: நாளைக்கு இங்கே என்ன மேயும்?