குடிக்காதவனின் தள்ளாட்டம்

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர்ப் பக்கம் சாராயக்கடைகள் மறுபடி திறந்திருந்த நேரம். அப்போதுதான் என் அண்ணன் தள்ளாட ஆரம்பித்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இறங்கி நடந்தால் கால் ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. பேச்சும் குழறியது. எப்போதாவது குடிக்கிற ஆள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அப்பாவும் இப்படித் தள்ளாடித்தான் செத்தார். அதனால் ஊருக்கு யோசிக்கிற வேலையே இல்லாமல் போயிற்று. அப்பன் குடி மகனுக்கு வந்துவிட்டது என்று முடித்துவிட்டார்கள்.

அம்மா அவனைக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துப் போனாள். எங்கள் பக்கம் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. மீறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். "இனிமே தொடமாட்டேன்" என்று அண்ணன் அணைத்தான். தொடவும் இல்லை.

தள்ளாட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

"சாமி முன்னாடி சூடத்த அணைச்சுட்டு வந்து குடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்று அம்மா கேட்டாள்.

"வாய மோந்து பாரும்மா."

மோந்து பார்த்தாள். வாடை இல்லை. ஏலக்காய் மென்றிருப்பான் என்றாள். ஒருவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு கண்ணெதிரே நிற்கிறான், வீடே சேர்ந்து அவனைப் பொய்யனாக்குகிறது.

பிறகு கோபமும் வந்தது. அதிர்ந்து பேசாதவன், குழம்பில் உப்பில்லை என்று அண்ணியைச் செம்பால் மண்டையில் அடித்தான். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரஞ்சன்குடியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "குடிய வுட்டா வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் தங்கச்சி நான்தான் அவனைத் திருச்சியில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அப்பாவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்.

"குடியெல்லாம் இல்லம்மா. மூளையில ஒரு பகுதி கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருது. பரம்பரையா வர்றது. உங்க அப்பாவுக்கும் இதான் இருந்திருக்கும்."

"அந்தக் கோவம் சார்?"

"அதுவும் இதுல சேர்ந்ததுதான்."

மருந்து கிடையாதாம். பெற்ற பிள்ளைகளுக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும், பாதிக்குப் பாதி. எனக்கும்தான். அன்றிலிருந்து வெடுக்கென்று பேசிவிட்டால், பேசியது நானா அதுவா என்று பயம் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் நீளம், அதனால் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

பஸ்ஸில் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "நான் குடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அவகிட்ட போயி சொல்லு. வந்துடுவா."

போய்ச் சொன்னேன். அண்ணி முழுசாகக் கேட்டாள்.

"அப்ப என்னை அடிச்சது அவரு இல்லையா?"

"இல்லண்ணி. அது நோவு."

"பெரம்பலூரு சந்தைக்குப் போறப்பல்லாம் மறக்காம எனக்குப் பூ வாங்கியாந்தாரே, அது மட்டும் அவரா?"



அண்ணி பிள்ளையைப் பார்த்தாள். அழவில்லை. "குடின்னா என்னைக்காவது வுட்டுருவாருன்னு காத்திருந்தேன். இத எப்புடி வுடுவாரு? நான் அங்க எதுக்கு வரணும், சொல்லு."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவன் கை தன் பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"நீ திரும்பப் போ," என்றான். "டாக்டரு தப்பா சொல்லிட்டாரு, நான் குடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்னு சொல்லு. இப்பதான் வுட்டுட்டேன்னு சொல்லு."