ஹைப்ரிடா, எலெக்ட்ரிக்கா? செம்பூர் சார்ஜிங் யார்டில் கேட்டவை

'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, கொட்டகையில் மாடு பெருமூச்சு விட்டதுபோல் ஃபேன் இரைச்சல். தலையைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏதோ ஒரு வண்டியில் கன் சரியாகப் பூட்டிக்கொண்டது, கரண்ட் ஏறுகிறது என்று. பிடி துப்பாக்கி மாதிரி இருப்பதால் சார்ஜ் ஏற்றும் முனைக்கு எங்களிடம் கன் என்றுதான் பெயர். டொக் கேட்டு, பெருமூச்சு கேட்காவிட்டால்தான் நான் எழுந்து போகவேண்டும்.

எங்கள் தொழிலில் வண்டிக்குக் கரண்ட் கொடுப்பது சுலபம், வண்டிக்காரருக்குப் பதில் கொடுப்பதுதான் பாடு. செம்பூரில் நான்கு கன் உள்ள யார்டு. இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை நான் ஒருவன்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தாராவியில் ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். எலெக்ட்ரிக் வண்டிகள் வர ஆரம்பித்தபோது, செத்துப்போன பேட்டரி ஒன்றைப் பிரித்துப் போட்டும், போனில் வீடியோ பார்த்தும், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு மேனுவல் படித்தும் கற்றுக்கொண்டேன். ராத்திரி தூக்கம் வராத கோளாறு எனக்கு வெகுகாலமாக உண்டு. அதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை என்று இதில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வருகிற ஒவ்வொருவரும் கண்ணாடியை இறக்கியதும் கேட்பது ஒரே கேள்வி: "ஹைப்ரிட் நல்லதா, ஃபுல் எலெக்ட்ரிக் நல்லதா?" கல்யாண வீட்டில்கூட ஓசியில் யோசனை கேட்கப்படும் டாக்டர்களே, வக்கீல்களே, டிவி ரிப்பேர்க்காரர்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

தானாக ஏறும் சார்ஜ்

ஒருநாள் பத்து மணி வாக்கில் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா வந்தார். பாலக்காட்டுப் பக்கம். நாற்பது வருஷம் ஆபீஸ் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். புதுக் கார், சீட்டில் பாலிதீன் உறைகூடக் கிழிக்கவில்லை. "ஃபுல்லா ஏத்திடுங்கோ" என்றார். கன்னைக் கையில் எடுத்துக்கொண்டு மூடியைத் தேடினேன். முன்னால் இல்லை. பின்னால் இருந்தது பெட்ரோல் மூடி. டார்ச் அடித்து, குனிந்து, தவழ்ந்து, வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். புதிதாக வந்த மாடலோ, என் படிப்புக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டானோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

கடைசியில் பின்பக்கப் பெயரைப் படித்தேன். சொருகவே முடியாத ஹைப்ரிட். எஞ்சின் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதுவே தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும், யாரும் சார்ஜ் போடவேண்டாம், கடைக்காரர் சொல்லவில்லையா என்று கேட்டேன். மாமா அதிர்ச்சியோடு என்னையும் கன்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தானா ஏறும்னுதான் சொன்னான். நானும் ஒரு மாசமா கவர் போட்டு நிறுத்தி வெச்சிண்டு, தெனம் காலம்பற வந்து வந்து பாக்கறேன், ஒரு கோடு ஏறலையே!"

இரண்டு சதவீதக் குடும்பம்

இது எலெக்ட்ரிக் வண்டிக்காரர் கதை. மே மாதம், பூனாவிலிருந்து வந்த வண்டி, மீட்டரில் இரண்டு சதவீதம். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அடித்த அனலில் நான் ஓரடி பின்வாங்கினேன். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், தலையெல்லாம் நனைந்து, சட்டையில்லாமல். வழியில் சார்ஜர் வேலை செய்யவில்லையாம். வீட்டுக்காரர் முதலில் ஏசியை நிறுத்தினாராம், பிறகு பாட்டை, பிறகு போன் சார்ஜை. ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்கும் என்று அதற்கும் தடை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் மனைவி சொன்னார்: "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருந்திருந்தா, எல்லாரும் மூச்ச அடக்கிக்கோங்கன்னு சொல்லியிருப்பார்."

என்னிடம் வந்து விழுந்த தீர்ப்பு

சேர்மதுரையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், தாராவியில் குடியிருக்கிறான். இருபது வருஷமாக ஊரார் வண்டியை ஓட்டுகிறவன். அப்போது ஒரு முதலாளியின் எலெக்ட்ரிக் டாக்ஸியை ராத்திரி ஏர்போர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சார்ஜ் ஏறும் நேரத்தில் என் கேபினில் டீ. காட்கோபர் முருகேசன் ஹைப்ரிட் டாக்ஸிக்காரன். அவனுக்கு எங்கள் யார்டில் ஒரு வேலையும் கிடையாது. டீக்கும் வம்புக்கும் வருவான்.

"என்ன பாய், மொபைல் மாதிரி வண்டியையும் சொவத்துல மாட்டிட்டு உக்காந்திருக்க? நான் இதுக்குள்ள ரெண்டு சவாரி அடிச்சிருவேன்" என்றான் முருகேசன் அன்றைக்கு.

"அடிக்கிறதுல பாதியப் பெட்ரோல் பம்புல குடுத்துட்டுத்தானடே வாற? ஒன் வண்டில எஞ்சினும் கெடக்கு, மோட்டாரும் கெடக்கு. நாளைக்கு ரெண்டும் படுத்துச்சுன்னா ரெண்டுக்கும் நீதான் வைத்தியம் பாக்கணும்" என்றான் சேர்மதுரை.

"அரே, ரெண்டும் ஒரே நாள்ல எதுக்குப் படுக்கும்? ஒனக்குக் கரண்ட் போச்சுன்னா அன்னைக்கே கதம்."

விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சேர்மதுரை டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சொந்தமா ஒரு வண்டி எடுக்கப்போறேன், அண்ணாச்சி. வாழ்க்கைல ஒரு தடவதான் எடுக்க முடியும். இவன் பேச்சு வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். நீங்க எதச் சொல்லுதியளோ அதத்தான் எடுப்பேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் வேடிக்கைக்குப் பேசவில்லை. தவறாகப் போனால் அவன் திரும்பவும் ஊரார் வண்டிக்குத்தான் போகவேண்டும். ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். ஆனால் பேட்டரியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும், முருகேசன் முன்னால் ஹைப்ரிடை எப்படிப் புகழ்வது என்ற ரோசமும் சேர்ந்துகொள்ள, உடனே சொல்லிவிட்டேன்: "எலெக்ட்ரிக்கே எடு."

முருகேசன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "ஸ்வீட் கடைக்காரர்கிட்ட போய் சுகருக்கு மருந்து கேக்குற. சல் பாய், நடத்து."

எலுமிச்சம்பழத்துக்கு மேல்

வண்டி வந்த அன்று கோயில் வாசலில் பூஜை. என்னையும் கூப்பிட்டிருந்தான். மஞ்சள் குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். எங்கள் ஜனத்துக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காதது. எஞ்சின் உறுமுகிற வரைக்கும் வண்டிக்கு முன்னால்தான் நிற்பார்கள். உறுமியதும் விலகி வழிவிடுவார்கள். இந்த வண்டி எங்கே உறுமப்போகிறது? ஐயர் "எடுங்கோ" என்றார். சேர்மதுரை பொத்தானை அமுக்கிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். அவன் மாமனார், சத்தம் கேட்கவில்லையே, இன்னும் நேரம் இருக்கிறது என்று முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து, உடைத்த தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பழம் நசுங்கிற்று. வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. நான் போட்ட கத்தலில் கோயில் புறாக்கள் பறந்துவிட்டன. பம்பருக்கும் பெரியவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம். சேர்மதுரை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மாமியார் கார் ஜன்னலுக்கு வந்து நிதானமாகச் சொன்னார்: "மருமவனே, கிலோமீட்டருக்கு இவ்வளவு மிச்சம், அவ்வளவு மிச்சம்னு சொன்னியளே, மாமனாரும் மிச்சமா இருக்கட்டும்யா."

பாய்க்கு அடியில்

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. விடிகாலை ஐந்து மணிக்கு வருவான், சார்ஜ் ஏற்றிக்கொண்டு போவான். பிறகு அந்த நேரத்துக்குக் கூட்டம் கூடிப்போயிற்று. வரிசையில் நின்று, ஏற்றி, வீடு போய்ப் படுக்க எட்டரை ஆகிறது என்று புலம்பினான். பிறகு நாலு நாள் ஆளையே காணோம். வேறு யார்டு பார்த்துக்கொண்டான் போல என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது. சேர்மதுரைதான். "வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி." யார்டைக் காலை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு சயானுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். ரோட்டை ஒட்டிய மாடி அறை, அடியில் வண்டி. வண்டியோடு கொடுத்த வீட்டு சார்ஜரைச் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் மாட்டி, சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்து, ஜன்னல் வழியாகக் கீழே விட்டிருக்கிறான். ஃபேனும் டிவியும் ஓடுகிற வயர். அதில் ஒரு காரே நாலு நாளாக மணிக்கணக்கில் கரண்ட் குடித்திருக்கிறது. பிளக் வெல்லப்பாகு மாதிரி உருகி வழிந்து நின்றது. வயரைத் தொடர்ந்து பார்த்தேன். அறையின் குறுக்கே, இரண்டு பெண் பிள்ளைகள் படுக்கும் கோரைப்பாய்க்கு அடியில் போயிருந்தது. பாயைப் புரட்டினேன். ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு.

சின்னவள் "முதுகு சுடுதும்மா" என்று எழுந்ததால்தான் தெரிந்ததாம். அந்த வரிசையில் ஒரு அறையில் தீப்பிடித்தால் எத்தனை அறைக்குப் பரவும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. "ஏண்டா பாய்க்கு அடியில விட்ட?" என்று கத்தினேன். சேர்மதுரை சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பிள்ளைய இருட்டுல ஒண்ணுக்கு எந்திரிச்சா, வயரு தட்டி விழுந்துரக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி."

செல்வி கேட்டது

அன்று பகல் முழுக்கப் படுத்துக்கிடந்தேன், கண் மூடவில்லை. யூனிட், வோல்ட், பேட்டரி ஆயுள் எல்லாம் பேசினேனே, அவன் வண்டி எங்கே நிற்கும், வீட்டில் எத்தனை பிளக் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? அவனை நான் பார்த்ததெல்லாம் யார்டில்தான். யார்டில் கரண்டுக்குக் குறைவில்லை.

ராத்திரி ஷிப்டுக்குப் போனால், சேர்மதுரையும் அவன் மனைவி செல்வியும் கேபின் வாசலில் நிற்கிறார்கள். வண்டியைக் கொடுத்துவிட்டு ஹைப்ரிட் எடுக்கலாமா என்று ஷோரூமில் கேட்டிருக்கிறார்கள். மூன்று மாத வண்டியைப் பழைய வண்டி என்றுதான் எடுப்பார்களாம். அந்த விலைக்குக் கொடுத்தால் வேறு வண்டி எடுக்க வழியில்லை, பழைய முதலாளியிடம்தான் போகவேண்டும். செல்விதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க ஒங்க காருக்கு எங்க சார்ஜ் போடுதிய?"

"எனக்குக் கார் கிடையாதும்மா."

"ஸ்கூட்டரு?"

"அதுவும் இல்ல. பஸ்லதான் வாரேன்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்ப எத வச்சு சொன்னிய?" என்றாள். "தப்புதாம்மா. கேக்கவேண்டியதக் கேக்காமச் சொல்லிட்டேன்" என்றேன்.

செல்வி புருஷனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அதன் முன்கண்ணாடியில் பிள்ளைகள் இருவர் பெயரும் ஒட்டியிருந்தது. பிறகு, ஏற்கெனவே முடிவு பண்ணிக்கொண்டு வந்தவள்போல் சொன்னாள்: "வண்டி இருக்கட்டும். ஆனா வயரு இனிமே என் வீட்டுக்குள்ள வரப்படாது, இவுகளும் தூங்காம ஓட்டப்படாது. ரெண்டுக்கும் நீங்கதான் பொறுப்பு. நீங்கதான சொன்னிய!"

அன்றிலிருந்து ஐந்து மணிக்கு சேர்மதுரை வந்து சாவியைக் கொடுத்துவிட்டு என் கேபின் பெஞ்சில் படுத்துவிடுகிறான். அவன் இடத்தில் வரிசையில் நிற்பதும், வண்டியை நகர்த்திக் கன் மாட்டுவதும், ஏறியதும் எடுத்து ஓரம் கட்டுவதும் நான். இப்போதும் யாராவது கண்ணாடியை இறக்கி ஹைப்ரிடா எலெக்ட்ரிக்கா என்று கேட்டால், ராத்திரி உங்கள் வண்டி எங்கே நிற்கும், நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்று கேட்கிறேன், காரைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறானே என்று முறைத்துவிட்டுப் போகிறார்கள். இன்று விடிகாலையிலும் உள்ளே சேர்மதுரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நம்பர் கேபிள் தரையில் கிடந்தது. துணியால் ஈரத்தைத் துடைத்து, சுருட்டி, கொக்கியில் மாட்டினேன்.