பலகையில் டைப் படித்த அக்கா

இன்று காலை ஃபேஸ்புக்கைத் திறந்தால் முதல் போஸ்ட்டே இதுதான்: ஏஐ காலத்தில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எந்தப் புத்தகம் படிக்கலாம்? ஆளுக்கு ஒன்று சிபாரிசு செய்யுங்கள்!

கீழே கமெண்ட் குவிந்து கிடக்கிறது. (நம் ஆட்கள் படிக்கிறார்களோ இல்லையோ, சிபாரிசுக்குக் குறைச்சலே இல்லை!)

நானும் ஒரு புத்தகம் சொல்கிறேன்.

பெயர் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வரும்போதே அட்டை கிழிந்திருந்தது.

எனக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இது நாற்பதுகளில், ஜெர்மன்காரன் சண்டை நடந்தபோது, அருப்புக்கோட்டையில் நடந்தது. நாங்கள் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்.

சண்டையால் நூலுக்குக் கண்ட்ரோல் வந்துவிட்டது. தறி சும்மா நின்றது. ராத்திரிக்குக் கம்பங்கஞ்சி கிடைத்தால் அன்று நல்ல நாள்.

அப்போதுதான் மாமா மதுரைப் பழைய புத்தகக் கடையில் அதை வாங்கிவந்தார். வருங்காலத்தில் எந்த வேலைக்கு மதிப்பு என்று சொல்லும் புத்தகம். (அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்!)

டைப் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இனிமேல் வேலைப் பஞ்சமே இருக்காது என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் அக்கா சௌடம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் டைப் மெஷினின் கட்டைகள் படமாக இருந்தன. எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று குறியும் போட்டிருந்தது.

அக்கா எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்து தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒரு பலகையில் ஒட்டினாள். விடிந்தால் பலகை, பொழுது சாய்ந்தால் பலகை.

அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். (தெலுங்கில்தான், தமிழில் தருகிறேன்.)

“மெல்லடீ! தாளு கிழிஞ்சா இன்னொண்ணுக்கு எங்க போவ?”

மெல்லத் தொட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து ராட்டையில் நூல் சுற்றிய விரல்கள். அழுத்தினால் நூல் அறுந்துவிடும். அறுந்தால் முதுகில் ஒன்று விழும்.

இதற்கிடையில் அப்பா பக்கத்து ஊரான மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

“எனக்கு வேல கெடச்சா கல்யாணப் பேச்ச எடுக்கக் கூடாது நைனா!”

“ஒரே ஒரு தடவ போய்ப் பாரு. கெடைக்கலேன்னா தையில கல்யாணம்.”

திருச்சுழியில் சண்டைக் காலத்துக்கென்று திறந்த ஓர் ஆபீஸில் டைப் அடிக்க ஆள் தேவை என்று மாமா விசாரித்துவந்தார். அவர், அக்கா, துணைக்கு நான். கரியில் ஓடும் பஸ் அது. பாதி வழியில் நின்றது, எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். அக்காவின் விரல்கள் மட்டும் மடியில் ஓடிக்கொண்டே இருந்தன.

ஆபீஸில் இருந்த பெரிய கிளார்க் நல்ல மனிதர்.

“டைப்பு தெரியுமாம்மா?”

“நல்லாத் தெரியும் சார்.”

அது பொய்யே இல்லை! ஆனால் மெஷினை அவள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

உட்கார்ந்தாள். விரல்கள் ஓடின பாருங்கள், ஆபீஸே திரும்பிப் பார்த்தது! சத்தமே இல்லை. கெட்டிக்காரர்கள் சத்தமில்லாமல்தான் அடிப்பார்கள் போல என்று நான் பூரித்துப்போனேன்.

கிளார்க் தாளை உருவினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாக நாலைந்து எழுத்து. மற்றதெல்லாம் வெள்ளை.

“என்னம்மா, ஒண்ணுமே விழுகலயே? அழுத்தி அடிங்க!”

அழுத்தினாள். விரல் கட்டைகளுக்கு நடுவே சிக்கியது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. சுண்டுவிரலுக்குக் கட்டை அசையவே இல்லை.

“வீட்ல மிசினு இருக்கா?”

“இல்ல சார். பலகைதான்.”

யாரோ சிரித்தார்கள். கிளார்க் சிரிக்கவில்லை.

“மிசினுல கொஞ்ச நாளு பழகிட்டு வாங்கம்மா, பாப்போம்.”

எங்கே போய்ப் பழக? எங்களுக்குத் தெரிந்த டைப் வகுப்பில் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“ஏண்டி, அழுத்தி அடிக்கணும்னு அந்தப் பொஸ்தகத்துல ஒரு எடத்துலகூட போடலியே?”

தையில் கல்யாணம் நடந்தது.

மாமியார் வீட்டில் மளிகைக் கடை, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அக்கா அந்த வீட்டில் ஒரு நாளும் மனதார இருக்கவில்லை. எனக்குத் தெரியும்.

யாராவது பேசினால் அவள் விரல்கள் முழங்காலில் ஓடும். கேட்பதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள், கிழவியான பிறகும்! நரம்புக் கோளாறு என்று நினைத்து அத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். (சிரித்துவிடாதீர்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.)

இப்போது என் கையில் இருக்கிற மாதிரி போன் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

இதையெல்லாம் நானேதான் டைப் அடிக்கிறேன். போன் கண்ணாடியை லேசாகத் தொட்டால் போதும், எழுத்து வந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்தால்தான் வேண்டாத எழுத்தெல்லாம் வருகிறது!

ஒவ்வொரு எழுத்துக்கும் அக்காவின் விரல் ஞாபகம் வருகிறது. தாங்க முடியவில்லை.

அந்தப் புத்தகம் சொன்னபடியே காலம் வந்தது, டைப் தெரிந்தவர்களுக்கு வேலையும் வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

சிபாரிசு செய்கிறவர்களே, உங்கள் புத்தகங்களில் ஏதாவது ஒன்றில், மெஷினைத் தொடவே வழியில்லாதவளுக்கு ஒரு பக்கமாவது இருக்கிறதா?

இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அக்காவுக்காகத்தான் கேட்கிறேன்.