பதின்மூன்றாவது வண்டி

வெர்னல் டோல்பர்ட் அட்லாண்டாவில் இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டினார். ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கப் பிடிக்காமல், கேண்ட்லர் ரோட்டில் ஒரு சின்ன ஈமச்சடங்கு நிலையத்தில் முன்கார் ஓட்டச் சேர்ந்தார். சேர்ந்து பதினோரு வருடமாகிறது. சவ ஊர்வலத்தில் முதலில் போவது அவருடைய கறுப்புக் கார். அதன் பின்னால் அமரர் ஊர்தி, அதற்கும் பின்னால் குடும்பத்தாரின் நீளக் கார், பிறகு உறவும் சபையும்.

அவருக்குச் சில விதிகள் இருந்தன. வண்டி ஓட்டத் தயங்குகிறவர்களை முன்னால் நிறுத்துவார். குடும்பத்திலேயே கெட்டிக்கார ஓட்டுநரைக் கடைசியில் வைப்பார். ஒவ்வொரு கூரையிலும் காந்தம் வைத்த ஊதாக்கொடியைத் தன் கையால் நடுவார். நாலு மூலையிலும் மினுக்கும் விளக்கைப் போட்டுவிட்டார்களா என்று குனிந்து பார்ப்பார். புறப்பட்டபின் கண்ணாடியில் எண்ணிக்கொண்டே போவார். பதினோரு வருடத்தில் ஒரு வண்டியையும் அவர் தொலைத்ததில்லை.

டெமெட்ரிக் அஸ்க்யூவின் அடக்கம் வெள்ளிக்கிழமை. வயது நாற்பத்தாறு, மாரடைப்பு. அவன் தாய் அர்லீத்தா எழுபத்தொரு வயதுக்காரி. சர்ச் வாசலில் நீளக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெர்னல் நின்றார். அவள் அதைத் தாண்டி, மகனுடைய சிவப்பு பிக்கப் வண்டியை நோக்கி நடந்தாள்.

"மிஸ் அர்லீத்தா, உங்களுக்கு இங்க இடம் வெச்சிருக்கேன்."

"அதுல என் தங்கச்சி உக்காந்துக்கட்டும், கண்ணு. இந்த வண்டிய அவன் யாரு கையிலயும் குடுத்ததில்ல. அதுவும் கூட வரணும்."

"அப்படின்னா பெட்டிக்கு நேர் பின்னாடி வாங்க. உங்க வேகத்துக்கே நான் போறேன்."

"வேணாம். எனக்காக எல்லாரும் ஊர்ந்து வர வேணாம். கடைசியில நிறுத்து. என் அண்ணன் மவன் க்வின்ட்டன் எனக்குப் பின்னாடி வரட்டும்."

தன் விதியை விட்டுக்கொடுக்க வெர்னலுக்கு மனமில்லை. ஆனால் மகனைப் பறிகொடுத்தவளிடம் எத்தனை தரம் மறுத்துப் பேசுவது? பதினான்கில் பதின்மூன்றாவதாக அவளை நிறுத்தினார். பதினான்காவது க்வின்ட்டன்.

இன்னொன்றும் அன்று சரியில்லை. சிக்னல்களை மறித்து வழிவிட வரவேண்டிய மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு பேரும் இடி மின்னல் என்று வரவில்லை. ஊருக்குள்ளே போனால் இருபத்தாறு சிக்னல். ஒவ்வொன்றிலும் ஊர்வலம் துண்டுபடும். கல்லறைத் தோட்டத்துக்காரர்கள் மூன்று மணிக்குமேல் மண் தொடமாட்டார்கள். மணி ஒன்றரை.

"பெரிமீட்டர்ல போயிடலாம்," என்றார் வெர்னல். ஊரைச் சுற்றி ஓடும் எட்டுத் தட வளையச் சாலை அது.

அமரர் ஊர்தியின் ஓட்டுநர் ஐசம் வானத்தைப் பார்த்தான். "அண்ணே, நல்ல நாள்லயே அது ஆள முழுங்கும். ஊர் சுத்திப் போற டிரக் பூரா அதுலதான் வரும்."

"சிக்னல் கிடையாது. அரை மணி நேரத்துல கேஸ்கேடு எக்சிட், எறங்கினா தோட்டம்."

"நீங்க சொன்னா சரி. என் வண்டியில வர்றவரு கூப்பாடு போடமாட்டாரு, போடறவங்க எல்லாம் பின்னாடிதான்."

ஊர்வலம் வளையச் சாலையில் ஏறியது. ஜோன்ஸ்பரோ ரோட்டுக்கு முன்பே மழை கொட்ட ஆரம்பித்தது. வைப்பரை முழு வேகத்தில் வைத்தும் அமரர் ஊர்தியின் முகப்பு மட்டுமே கண்ணாடியில் தெரிந்தது. இருபுறமும் பதினெட்டு சக்கர டிரக்குகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. விமான நிலைய ஓடுபாதை சாலைக்கு மேலே பாலமாகப் போகுமிடத்தில் சில விநாடிகள் மழை நின்றது. அந்த இடைவெளியில் வெர்னல் எண்ணினார். மினுக்கும் விளக்குகள் பதினான்கு.

மறுபடி மழைக்குள் நுழைந்ததும்தான் அவருக்கு அது உறைத்தது. மழை வலுத்தால் அந்த ஊரில் எல்லோரும் மினுக்கு விளக்கைப் போட்டுவிடுவார்கள். சாவுக்குப் போகிறவனும் போடுவான், சம்பளத்துக்குப் போகிறவனும் போடுவான். எட்டுத் தடத்திலும் இப்போது ஆரஞ்சு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. முழுச் சாலையும் ஒரே ஊர்வலம்போல இருந்தது. ஊதாக்கொடிகள் நனைந்து கூரையோடு ஒட்டிக் கிடந்தன.

கேஸ்கேடு எக்சிட்டின் சரிவில் மறுபடி எண்ணினார். பதினான்கு. மூச்சு விட்டார். தோட்டத்தின் கேட்டுக்குள் நுழையும்போதும் எண்ணிக்கை சரியாக இருந்தது.

குடைகளோடு எல்லோரும் இறங்கினார்கள். பதின்மூன்றாவது வண்டி ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார். கொடி இல்லை. ஆஸ்பத்திரி உடுப்பில் ஒரு இளம்பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். "நான் கேம்ப் க்ரீக் எக்சிட்லயே எறங்கியிருக்கணும். ரோடே தெரியல. முன்னாடி விளக்குங்க மெதுவா, வரிசையா போச்சு. அது பின்னாடியே வந்துட்டேன். இது யாரோட அடக்கம்?"

ஐசம் பக்கத்தில் வந்தான். "துக்கம் கேக்க வந்திருக்காங்களாண்ணே? முகம் புதுசா இருக்கே?"

வெர்னல் போனை எடுத்து அர்லீத்தாவை அழைத்தார். க்வின்ட்டன் ஓடி வந்தான். "அத்தை முன்னாடி போறாங்கன்னுதான் நான் நெனச்சேன். நடுவுல ஒரு டிரக் பூந்துச்சு. அது விலகினப்ப வண்டி நிறம் எங்க தெரிஞ்சுது? விளக்கு மட்டும்தான்."

மூன்றாவது தடவை அழைத்தபோது அர்லீத்தா போனை எடுத்தாள்.

"மிஸ் அர்லீத்தா, எங்க இருக்கீங்க?"

"உங்க பின்னாடிதான் வர்றேன், கண்ணு. ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போறீங்களே. இப்பதான் ஆத்துப் பாலம் தாண்டுச்சு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "உங்களுக்கு முன்னாடி போற வண்டியில கொடி இருக்கா?"

"அதுல ஏணி கட்டியிருக்கு," என்றாள்.

அடுத்த எக்சிட்டில் இறங்கி, பெட்ரோல் பங்கில் நிற்கச் சொன்னார். "நானே திரும்பி வந்துடவா?" என்று அவள் கேட்டாள். "வேணாம், அசையாதீங்க. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்," என்றார். இருபது வருடமாக அவள் பெரிமீட்டரில் ஏறியதில்லை என்று தங்கை சொல்லியிருந்தாள். மறுபடி வழி தவறினால் என்ன செய்வது என்றுதான் அப்படிச் சொன்னார். மணி இரண்டு முப்பத்தைந்துக்குத் தன் கறுப்புக் காரில் வடக்கே கிளம்பினார்.

ஹாலோவெல் அருகே ஒரு டிரக் குறுக்கே மடிந்து கிடந்தது. வடக்கே போகும் நான்கு தடமும் உறைந்து நின்றன. எதிர்ப்பக்கம், அவளை நிற்கச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் வந்திருக்கக்கூடிய பக்கம், தண்ணீர் தெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அவளை இப்போது கிளம்பச் சொல்லலாம். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தார். தனியாக வரச்சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் என்று இரண்டு தரமும் வைத்துவிட்டார்.

ஐசம் கூப்பிட்டான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. "அண்ணே, குழி சரியுது. செம்மண்ணு, பம்பு போட்டும் நிக்கல. இப்ப எறக்கணும், இல்லேன்னா பெட்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயி திங்கக்கிழமை வாங்கங்கறாரு குழி வெட்டற மேஸ்திரி. பாஸ்டர் உங்களைக் கேக்கச் சொன்னாரு. அந்தம்மாகிட்ட கேக்கறீங்களா?"

கேட்டால் என்ன சொல்வாள் என்று வெர்னலுக்குத் தெரியும். காத்திருக்கச் சொல்வாள். நாற்பது பேர் மழையில் நின்றார்கள், வெளியூர் உறவுகளுக்குச் சாயங்காலம் விமானம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் புறப்பட்ட பெட்டியை அவர் ஒருநாளும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்பதும் அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்தது.

"எறக்கிடுங்க," என்றார்.

பங்கை அடைந்தபோது மணி மூன்றே முக்கால். மழை தூறலாகிவிட்டது. பிக்கப்பின் மினுக்கு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அர்லீத்தா கண்ணாடியை இறக்கினாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"காத்துட்டிருக்காங்களா?"

"இல்லீங்க. எறக்கிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பங்கில் ஒருவன் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், அவனைப் பார்த்தாள். "என் கையில போன் இருந்துச்சு," என்றாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்."

அவள் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். அவர் தன் கறுப்புக் காரைப் பூட்டி அங்கேயே விட்டுவிட்டு, பிக்கப்பில் ஏறினார். இருக்கை டெமெட்ரிக்கின் நீளக் கால்களுக்குத் தக்கபடி பின்னால் தள்ளியிருந்தது. அவள் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது தெற்கே போகும் பக்கமும் நின்றுவிட்டது. விபத்தை வேடிக்கை பார்ப்பவர்கள், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். வண்டி பத்தடி நகரும், நிற்கும்.

"பாஸ்டர் என்ன வசனம் படிச்சாரு?"

"தெரியாதுங்க."

"மொத மண்ணு யாரு போட்டா? என் தங்கச்சியா?"

"தெரியல, மிஸ் அர்லீத்தா. நான் ரோட்டுல இருந்தேன்."

அவள் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்ப நீயும் பாக்கலயா?"

"இல்லீங்க."

அவள் தலையசைத்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தாள். முன்னால் நின்ற டிரக்கின் பிரேக் விளக்கு அணைந்தது. வெர்னல் கியரைப் போட்டு, பத்தடி தூரம் வண்டியை நகர்த்தினார்.