கல்பகம் மாமி தூவிய மாவு

கல்பகம் மாமி யாரையும் எடுத்தவுடன் நம்ப மாட்டார். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரை வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்பார். போனில் யாராவது "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டால், அன்று முழுக்க அது யாராக இருக்கும் என்று யோசிப்பார்.

இது அவருடைய பிறவிக்குணம் அல்ல என்று நினைக்கிறேன். அவர் கணவர் வெங்கடராமன் பாதுகாப்புத் துறையில் விஞ்ஞானி. கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து ஹைதராபாத் வந்த முதல் வாரமே அவர் மனைவியிடம், "யார் கேட்டாலும் கவர்ன்மென்ட் சர்வீஸ்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா, ஏன் கேக்கறான்னு யோசி" என்றாராம். அன்றைக்கு யோசிக்கத் தொடங்கியவர்தான் மாமி. குவார்ட்டர்ஸில் மற்ற வீட்டுப் பெண்களும் அப்படித்தான். காய்கறி விலைக்கு மேல் பேச்சு போகாது.

போன வருடம் நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு, மேலே என்ன படிப்பது என்று தெரியாமல் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மா பார்த்துச் சலித்துப்போய், தார்நாகாவில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆக்னஸ் அக்கா நடத்தும், வண்ண ஓட்டுத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யும் மொசைக் வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கேதான் மாமியைப் பார்த்தேன். மாமாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கியதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அல்வாலில் வாங்கிய புது வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டின் முன்சுவரில் பதிக்க, சிவப்பாய்ப் பூத்து நிற்கும் குல்மோஹர் மரம் ஒன்றை மொசைக்கில் செய்ய ஆசைப்பட்டு வந்திருந்தார்.

வகுப்பில் இன்னொருவர் ஃபாத்திமா அக்கா. ஊர் மேலப்பாளையம். கணவர் நூர் முகமதுவுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு மாதத்தில் நாங்கள் மூவரும் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டோம். "கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி நீங்க ஒத்தையா முடிக்க மாட்டிய மாமி" என்று ஃபாத்திமா அக்காதான் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து மரத்தைச் செய்ய ஆரம்பித்தோம்.

ஆக்னஸ் அக்கா சொல்லிக்கொடுத்த முறையில் ஓட்டுத் துண்டுகளைக் காகிதத்தில் குப்புற ஒட்ட வேண்டும். வண்ணமெல்லாம் கீழே போய்விடும், மேலே வெறும் வெள்ளை முதுகுதான் தெரியும். முடிந்ததும் அதன்மேல் சிமென்ட் பூசி, காய்ந்த பிறகு திருப்பிப் போட்டுக் காகிதத்தை நனைத்து உரித்தால் படம் வெளியே வரும். அதுவரை எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. மாமிக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. கோந்து பாட்டிலைப் பார்த்ததும் இன்னும் பிடிக்கவில்லை.

"இதுல எலும்பு கிலும்பு போட்டுக் காய்ச்சியிருப்பாளோ?"

"நக்கோ மாமி, பயப்படாதீங்க! இது மரத்துப் பிசின்" என்றார் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ஆக்னஸ் அக்கா.

"பாட்டில்ல அப்படி எழுதலையே. சுவாமி குடியிருக்கப்போற ஆத்துச் சுவர்ல ஒட்டறதாச்சே."

மறுநாள் மாமி வீட்டிலிருந்து மைதா பசை காய்ச்சிக் கொண்டுவந்தார். பூக்கள் விழுந்துவிடக் கூடாதென்று சிவப்புத் துண்டுகளுக்கு மட்டும் இரண்டு பங்கு தடவினார்.

அதன்பின் ஒருநாள் காலை சில சிவப்புத் துண்டுகள் பெயர்ந்து கிடந்தன. சில காணவே இல்லை. மறுபடி ஒட்டினோம். அடுத்த நாள் இன்னும் சில போயிருந்தன. ஆக்னஸ் அக்காவைத் தவிர சாவி இருந்தது ஃபாத்திமா அக்காவிடம் மட்டும்தான். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு முதலில் வந்து திறப்பவர் அவர்.

போதாததற்கு ஒரு மதியம் அவர் கேட்டார்: "மாமா எங்கன வேலை பாக்காவ மாமி?"

"கவர்ன்மென்ட் சர்வீஸ்."

"கவர்ன்மென்ட்ல எங்கன?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான் கேட்டேன். எங்க வீட்டுல அவுக வந்தா கம்ப்யூட்டரப் பத்தியே பேசி உசுர வாங்குவாவ. மாமா எதப் பத்திப் பேசுவாவன்னு பாத்தேன்."

அன்று பஸ் ஸ்டாப்பில் மாமி என் கையைப் பிடித்தார். "அனு, எங்காத்து மாமா வேலை அவளுக்கு எதுக்குடி? பூவை மட்டும் ஏன் எடுக்கறா?" எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஃபாத்திமா அக்கா கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் என் கண் அங்கே போனது.

ஒரு மாலை, ஆக்னஸ் அக்கா பூட்டப்போன நேரத்தில், குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி மாமி உள்ளே போனார். நானும் போனேன். குடையை எடுக்கவில்லை. சின்ன டப்பாவிலிருந்து அரிசி மாவை எடுத்து மேசையைச் சுற்றிலும் தூவினார். கோகுலாஷ்டமிக்குக் கிருஷ்ணர் பாதம் போடுகிறவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை. யார் வந்தாலும் கால் பதியும்.

காலையில் ஃபாத்திமா அக்கா வருவதற்கு முன்பே நாங்கள் போய்ப் படியில் நின்றோம். அவர் வந்து திறந்தார். பின்னாலேயே ஆக்னஸ் அக்காவும் வந்துவிட்டார்.

"ஏ, இது கைக்கு, எதுக்கு? யாரு மாவு கொட்டினது?"

மாமி குனிந்து மாவில் கால்தடம் தேடினார். மாவில் மனிதக் கால் எதுவும் இல்லை. மேசைக்காலிலிருந்து பழைய அலமாரி வரை, பொடிப்பொடியாக எலியின் பாதங்கள் ஓடியிருந்தன.

ஃபாத்திமா அக்கா மாவைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். "என் காலு பதியும்னு பாத்தியளோ?" சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஆக்னஸ் அக்கா அலமாரியை நகர்த்தினார். பின்னால் சிவப்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன. பசையின் சுவடே இல்லாமல் நக்கித் துடைக்கப்பட்டிருந்தன. மாமி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். "எனக்குன்னு வாய்ச்ச சிநேகிதம் இது ஒண்ணுதான்டி" என்று தரையைப் பார்த்தே சொன்னார்.

அன்று மாலை என்னையும் கூட்டிக்கொண்டு ஃபாத்திமா அக்காவின் வீட்டுக்குப் போனார். அக்கா கதவைத் திறந்து, "உள்ள வாங்க. இங்க மாவு தூவல, பயப்படாதிய" என்றார்.

மாமி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "மாமா என்ன வேலை பாக்கறார்னு கேட்டியே..."

"அத விடுங்க மாமி."

"ஆபீஸ்ல என்ன பண்றார்னு எனக்கே தெரியாதுடி. கல்யாணமான நாள்லேர்ந்தே தெரியாது. அந்தக் கேட்டைத் தாண்டி உள்ள போனதில்ல. சட்டைப் பையில காகிதம் இருந்தா, படிக்காம எடுத்து வெச்சுட்டுத் தோய்ப்பேன்."

"ஒரு தடவகூடக் கேக்கணும்னு தோணலியா?"

"தோணும். கேட்டா, இவ ஏன் கேக்கறான்னு யோசிப்பாரே!"

ஃபாத்திமா அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. டீ வந்தது. மாமி டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "எந்தப் பாக்கெட் பால்?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

மீதி மரத்தைப் பாட்டில் கோந்தில் ஒட்டினோம். மாமி மூன்று முறை மோந்து பார்த்தார். "விட்டா பிசின் எடுத்த மரத்தையே கூட்டிட்டு வரச் சொல்லுவிய" என்றார் ஃபாத்திமா அக்கா.

கிரகப்பிரவேசத்தன்று அல்வால் வீட்டுச் சுவரில் குல்மோஹர் பூத்திருந்தது. ஒரு கிளையில் மட்டும் சிவப்பு கொஞ்சம் கோணல். நூர் முகமது அண்ணன் அதை ரசித்துவிட்டு, மாமாவிடம் கேட்டார்: "சார் எதுல இருந்து ரிட்டயர் ஆனீங்க?"

"கவர்ன்மென்ட் சர்வீஸ்" என்ற மாமா, மாமியின் பக்கம் சாய்ந்தார். "யாரு இவர்? ஏன் கேக்கறார்?"

மாமி பந்திக்கு இலை போட்டுக்கொண்டே சொன்னார்: "என் சிநேகிதியோட ஆத்துக்காரர். சும்மாதான் கேக்கறார்."