சாவுக்குப் போகிறவள்

தீவு நாட்டின் தலைநகர் நுகுஅலோபாவில், சொந்தத்தில் யார் செத்தாலும் முதலில் மூட்டை கட்டுகிறவள் கலோலைனேதான். வெளித்தீவுச் சாவு என்றால் கேட்கவே வேண்டாம். குடும்பத்தின் சார்பில் ஒருத்தர் போயாக வேண்டும். அண்ணன் லிசியாதேக்குக் கப்பல் என்றாலே குமட்டும். "என் தங்கச்சிக்கு மனசு பெருசு" என்று தேவாலயத்தில் சொல்லிக்கொள்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஊரார் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

உண்மை அவளுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூட வாசலில் மாவுருண்டை பொரித்து விற்கிறவள், சும்மா கடல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் விடுவார்களா? பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். ஆகவே யாராவது சாக வேண்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்துக் கப்பல் துறையை விட்டு நகரும் அந்த முதல் ஐந்து நிமிடம், மடியில் வைத்துத் தின்னும் ஆறிப்போன சேப்பங்கிழங்கு, பேர் தெரியாத துறையில் நின்று கையசைக்கும் பிள்ளைகள். இவற்றுக்காகத்தான் இருபத்திரண்டு வருடமாக அவள் அழப் போய்க்கொண்டிருந்தாள். வெட்கம்கெட்ட பிழைப்பு என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். அடுத்த சாவுச் செய்தி வந்ததும் முதலில் துள்ளுகிறதும் அவள் மனசுதான்.

அந்த ஆகஸ்டில் செத்தவன் ஹெனெலி. அவன் அம்மா வழியில் இவளுக்கு உறவு. ஹாஅபாய்த் தீவுக்காரன், தலைநகர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். செத்தவனின் தாய் வழிக்காரர்கள் துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கப்பல் நகர்ந்ததும் கலோலைனே மேல்தளத்தில் அதை அவிழ்த்துப் பெஞ்சுக்கடியில் தள்ளினாள். காற்று வயிற்றில் பட்டது. அப்பாடா என்றிருந்தது.

மத்தியானம் தாயும் குட்டியுமாக இரண்டு திமிங்கலங்கள் எழும்பின. குட்டி துள்ளி விழுந்த விழுகையில் அவள் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள்.

"அடியம்மா! குட்டியப் பாருங்கடி, குட்டிய!" என்று கத்திக் கைகொட்டிச் சிரித்தாள். சிரித்தபடியே கீழே பார்த்தாள்.

கீழ்த்தளத்தில், மூட்டைகளுக்கு நடுவே, பாய் சுற்றிய பெட்டி. பக்கத்தில் கறுப்பு உடையில் ஹெனெலியின் மனைவி ஃபுசி. பிணம் விமானத்தில் போய்விட்டது என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்! ஃபுசி நிமிர்ந்து நேராக இவளைப் பார்த்தாள். கலோலைனேக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. பாயை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கரை வரும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாவு வீட்டில் அவள் பின்கட்டை விட்டு நகரவில்லை. கிழங்கு சீவினாள், சீவிக்கொண்டேயிருந்தாள். சாயங்காலம் ஃபுசி தண்ணீர் குடிக்க அங்கே வந்தாள்.

"ஃபுசி, என்னை மன்னிச்சுடும்மா. செருப்பால அடி."

ஃபுசி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கத்தினீங்கல்ல, நானும் திரும்பிப் பாத்தேன்க்கா. குட்டிய. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவர் பக்கத்துல கெடக்கிறார், நான் சிரிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஹெனெலியின் அத்தை மெலியாமே கதவில் வந்து நின்றாள். அந்த வீட்டுச் சாவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"கப்பல்ல பொணத்த வச்சுக்கிட்டு யாரோ சிரிச்சாங்களாம். வந்தவளுக சொல்றாளுக. ஃபுசி, நீயா?"

ஃபுசி குவளையோடு அத்தை பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவாள். புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் சிரித்தவள் என்ற பேர் சாகிறவரை போகாது. கலோலைனே பேசாமல் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தால், அடுத்த சாவுக்கும் அவளே கப்பலேறலாம்.

"நான்தான் சிரிச்சேன்," என்றாள். "இவ பாவம், தலையவே தூக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"நீ அழ வந்தியா, ஊர் சுத்த வந்தியா?"

"ஊர் சுத்தத்தான் வந்தேன்."

பின்கட்டில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவமானத்தில் அவள் காது மடல் எரிந்தது. ஃபுசி குவளையைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்று நாலு பேர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

லிசியாதேக்கு அன்றைக்கே போன் போய்விட்டது. அடுத்த சாவுக்கு அவன் மனைவி போனாள். போக வர வழியெல்லாம் வாந்தி எடுத்தாளாம். மனசு பெரிய பெண் என்று தேவாலயத்தில் எல்லோரும் சொன்னார்கள்.